பலதட ஒலிநாடா

சிங்கம்புணரி கயிற்றுக்குப் பெயர் பெற்ற ஊர். தேங்காய் மட்டையை ஊறவைத்து, அடித்து, நாரை உதறிப் பிரித்து, அந்நாரைப் புரியாகத் திரித்து, புரிகளை ஒன்றோடொன்று முறுக்கிக் கயிறாக்கும் வேலையை எங்கள் ஊர்ப் பிள்ளைகள் எழுத்துப் படிக்குமுன்பே பார்த்துப் பழகிவிடுகின்றனர். பள்ளியில் பல ஆண்டுகள் பௌதிகம் கற்பித்தவன் நான். ஒலிப்பதிவைப் பற்றிச் சொல்ல வேண்டிய நாட்களில், காந்தத்தையும் மின்சாரத்தையும் கையில் எடுக்குமுன் இந்தக் கயிற்றைத்தான் கையில் எடுப்பேன். மூன்று புரிகளை முறுக்கிய கயிற்றில் ஒரு புரி மட்டும் நைந்திருந்தால் அதனை உருவி எடுத்து வேறொன்றைச் செலுத்த முடியுமா? முறுக்கைப் பிரித்தால் கயிறே போய்விடும். ஆனால் புரிகள் தனித்தனியாகக் கிடக்கும்பொழுது, எதனை வேண்டுமானாலும் மாற்றலாம். ஒன்றைத் தடிப்பாகவும் மற்றொன்றை மெலிதாகவும் அமைத்துக்கொள்ளலாம். முறுக்குவதை நாளைக்கு என்று ஒத்தியும் வைக்கலாம்.

ஒலிப்பதிவின் வரலாற்றில் நெடுங்காலம் வரையில் மனிதனுக்கு முறுக்கிய கயிறு மட்டுமே கிடைத்தது. இசைத்தட்டின் ஆரம்ப நாட்களில் பாடகரும் பக்க வாத்தியக்காரரும் ஒரு பெரிய ஊதுகுழாயின் முன்னே நெருக்கிக்கொண்டு நிற்பார்கள். குரல் சிறுத்தவர் குழாயின் அருகிலும், ஓசை பெருத்த வாத்தியம் அறையின் கோடியிலும் நிற்க வேண்டும். ஒருவர் இருமினாலும் தட்டு வீண். எல்லோரும் மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். பின்னர் மைக் வந்தது, மின்சாரப் பெருக்கி வந்தது. எனினும் எல்லா ஒலிகளும் ஒரே வேளையில் ஒரே தடத்தில் சென்று விழுந்தன என்பதில் மாற்றம் இல்லை.

ஒலிகளைப் பிரித்து வைத்துப் பிறகு சேர்க்கலாம் என்னும் எண்ணம் நம் பக்கத்து மண்ணுக்குப் புதியதன்று. காரைக்குடியில் 1907-இல் பிறந்த ஏ. வி. மெய்யப்பச் செட்டியார் முதலில் இசைத்தட்டு வணிகத்தில் இறங்கிப் பின்னர்ப் படமெடுக்க வந்தவர். 1938-இல் வெளிவந்த அவருடைய ‘நந்தகுமார்’ படத்தில் தேவகி வேடத்தில் நடித்த அம்மையாருக்கு லலிதா வெங்கட்ராமன் என்பவரைப் பாட வைத்தார். முகம் ஒருவருடையது, குரல் மற்றொருவருடையது. இன்று இதனைச் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். அன்று அது துணிச்சலான காரியம். பிறகு அவரே காரைக்குடியை அடுத்த தேவகோட்டை ரஸ்தாவில் ஸ்டூடியோ அமைத்து, 1947-இல் வெளிவந்த ‘நாம் இருவர்’ படத்தை அங்கே எடுத்தார். 1948-இல் ஸ்டூடியோ சென்னைக்குப் பெயர்ந்தது. அந்நாட்படங்களில் ஒலி பதிந்தது காந்த நாடாவில் அன்று. ஒளியின் ஏற்ற இறக்கமாகப் பிலிம் சுருளின் ஓரத்திலேயே பதிந்தது. உருவத்தினின்றும் குரலைப் பிரிக்கும் வித்தை கைவந்துவிட்டது. குரலினின்றும் வாத்தியத்தைப் பிரிக்கும் வித்தைக்கு நாடா வரும்வரையில் காத்திருக்க வேண்டியிருந்தது.

நாடாவின் பிறப்பைச் சுருக்கமாகவே சொல்லிவிடுகிறேன். டென்மார்க்கைச் சேர்ந்த வால்டெமார் பௌல்சன் 1898-இல் எஃகுக் கம்பியில் ஒலியைக் காந்தமாகப் பதிந்து காட்டினார். 1928-இல் ஜெர்மனியில் பிரிட்ஸ் ப்ளாய்மர் காகிதப் பட்டையின் மேல் இரும்புத் தூளைப் பூசினார். 1935-இல் பெர்லின் வானொலிக் கண்காட்சியில் ‘மாக்னெட்டோபோன்’ என்ற கருவி வைக்கப்பட்டது. யுத்தம் முடிந்ததும் ஜாக் மல்லின் என்னும் அமெரிக்கப் படையினர் இரண்டு ஜெர்மானியக் கருவிகளைப் பகுதி பகுதியாகத் தம் நாட்டுக்கு அனுப்பி, 1946-இல் சான் பிரான்சிஸ்கோவில் இயக்கிக் காட்டினார். அதனைப் பார்த்து எழுந்ததே 1948-இல் வெளிவந்த ஆம்பெக்ஸ் கருவி.

இனி, கருவியின் உள்ளே நிகழ்வதைப் பார்ப்போம். பிளாஸ்டிக் நாடாவின் ஒரு முகத்தில் இரும்பு ஆக்ஸைடு என்னும் துருப்பொடி பசையோடு கலந்து பூசப்பட்டிருக்கிறது. நாடா ஒரு ரீலிலிருந்து மற்றொரு ரீலுக்குச் செல்லும் வழியில் மூன்று காந்த முனைகளைத் தடவிச் செல்லும். தொழிலில் உள்ளோர் இவற்றை ‘ஹெட்’ என்றே சொல்வர். நாமும் அவ்வாறே சொல்வோம். முதல் ஹெட் பழைய பதிவை அழிக்கும், இரண்டாவது பதியும், மூன்றாவது பதிந்ததை எடுத்துப் படிக்கும். மைக்கிலிருந்து வரும் மின்னோட்டம் ஏறி இறங்குவதற்கேற்பப் பதிவு ஹெட்டின் மயிரிழைப் பிளவில் காந்தப் புலம் ஏறி இறங்கும். கடந்து செல்லும் துருப்பொடியில் அந்த ஏற்ற இறக்கம் நின்றுவிடும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. மெல்லிய காந்தப் புலத்துக்குத் துருப்பொடி எளிதில் இசைந்து கொடுப்பதில்லை. படியில் நெல்லை அளக்கும்போது பார்த்திருப்பீர்கள்: கொட்டிய நெல் கோணல்மாணலாக நிற்கும், படியை நாலு குலுக்குக் குலுக்கினால் சமமாக அமர்ந்துவிடும். அதுபோல், காதுக்கு எட்டாத மிகுவேக மின்னலை ஒன்றை ஒலியோடு சேர்த்து ஹெட்டுக்கு அனுப்பினால் பொடி குலுங்கிக் கொடுத்து ஒலியை உள்ளவாறே ஏற்றுக்கொள்ளும். 1940-இல் ஜெர்மானியர் பிரௌன்மூலும் வெபரும் இதனைக் கையாண்ட பிறகே நாடா இசைக்கு ஏற்ற சாதனமாயிற்று. அதற்குமுன் பேச்சுக்கு மட்டுமே அது ஆகும் என்றிருந்தது.

நாடாவின் அகலம் முழுவதையும் ஒரே ஒலிக்குக் கொடுக்க வேண்டும் என்பது கட்டாயமா? வயலுக்கு வரப்புப் போடுவது போல அதனை நீளவாக்கில் பகுத்துக்கொண்டு, ஒவ்வொரு பாத்திக்கும் தனி ஹெட்டும் தனிப் பெருக்கியும் வைத்தால் ஒரே நாடாவில் பல ஒலிகள் ஒன்றையொன்று தொடாமல் பக்கம் பக்கமாக ஓடும். இவையே தடங்கள். அமெரிக்கக் கிதார் கலைஞர் லெஸ் பால் இதற்காகத் தவங்கிடந்தார் எனலாம். அவரும் அவர் மனைவி மேரி போர்டும் ஒற்றைத் தடக் கருவியிலேயே, முன்பு பதிந்ததைக் கேட்டுக்கொண்டு அதன்மேல் புதியதைச் சேர்த்துப் பதிந்து வந்தனர். பத்தாவது அடுக்கில் ஒரு சுரம் தவறினால் முதல் ஒன்பது அடுக்கும் அதோடு போயிற்று! பல தடங்களை அருகருகே அடுக்கிய கருவி வேண்டும் என்று அவர் வற்புறுத்தியதன் பயனாக 1957-இல் ஆம்பெக்ஸ் நிறுவனத்தார் எட்டுத் தடக் கருவி ஒன்றை அவருக்குச் செய்து கொடுத்தனர். விலை ஏறத்தாழ 10,000 டாலர்.

கூர்மையான மாணவர் ஒருவர் இங்கே குறுக்கிட வேண்டும். முதல் தடத்தில் தவிலைப் பதிந்தாயிற்று. அதனைக் கேட்டுக்கொண்டே இரண்டாம் தடத்தில் நாகஸ்வரம் வாசிக்கிறோம். கேட்பது படிக்கும் ஹெட்டில். பதிவதோ அதற்குமுன் உள்ள ஹெட்டில். இரண்டுக்கும் இடையே 4 சென்டிமீட்டர் என்று கொள்வோம். நாடா விநாடிக்கு 38 சென்டிமீட்டர் ஓடுகிறது. ஆகவே வாசிப்பவர் கேட்கும் தவிலுக்கும் அவர் வாசிப்பு விழும் இடத்துக்கும் ஏறத்தாழப் பத்தில் ஒரு விநாடி வேற்றுமை. லயம் தெரிந்தவனுக்குப் பத்தில் ஒரு விநாடி என்பது கல்லடி. இதற்குக் கண்ட வழி எளிது: புதிதாக வாசிக்கும்போது பழைய தடங்களை மூன்றாவது ஹெட்டில் கேட்காமல், பதிவு ஹெட்டையே அந்தத் தடங்களுக்கு மட்டும் படிக்கும் ஹெட்டாக மாற்றிக் கேட்பது. எல்லாத் தடங்களும் ஒரே கோட்டில் நின்றுவிடும். இந்த வசதி இல்லாத கருவியில் எத்தனை தடம் இருந்தாலும் அது பலதடக் கருவி ஆகாது.

இந்தக் கருவி வீட்டுக்குள் நுழைய நாளாயிற்று. 1967-இல் வெளிவந்த பீட்டில்ஸ் குழுவினரின் புகழ்பெற்ற ‘சார்ஜண்ட் பெப்பர்’ இசைத்தட்டே நான்கு தடக் கருவிகளில்தான் பதிவாயிற்று. அதுவும் லண்டனில் ஒரு பெரிய நிறுவனத்தின் ஸ்டூடியோவில். 1970களில் ஜப்பானியர் கால் அங்குல நாடாவில் நான்கு தடம் வைத்து, தனி மனிதர் வாங்கத்தக்க விலைக்குக் கொண்டுவந்தனர். 1979-இல் டாஸ்காம் நிறுவனத்தார் சாதாரண கேஸட்டிலேயே நான்கு தடம் பதியும் ‘போர்ட்டாஸ்டூடியோ’வை வெளியிட்டனர், புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனின் 1982-ஆம் ஆண்டு இசைத்தட்டான ‘நெப்ராஸ்கா’ அவருடைய வீட்டு அறையில் அக்கருவியில் பதிந்ததேயாகும்.

நம் தமிழ்நாட்டில் வீட்டு ஸ்டூடியோ என்றதும் நினைவுக்கு வருவது சென்னைக் கோடம்பாக்கத்தில் ஏ. ஆர். ரஹ்மான் தம் வீட்டின் பின்புறம் 1989-இல் அமைத்த ‘பஞ்சதன்’. அறையைக் கட்டி முடித்த பின்னர், உள்ளே வைக்கக் கருவி வாங்கப் பணமில்லாமல் வெற்றறையில் உட்கார்ந்திருந்ததையும், தாயார் நகைகளை அடகு வைக்கக் கொடுத்த பிறகே முதல் பதிவுக் கருவி வந்ததையும் அவரே சொல்லியிருக்கிறார். 1992-இல் வந்த ‘ரோஜா’ படத்தின் பாடல்கள் அந்த வீட்டில் உருவானவை. ஒரு கருவி வாங்குவது என்பது சில குடும்பங்களில் கல்யாணம் செய்வதற்கு ஒப்பான காரியம் என்பதற்காக இதைக் குறிப்பிட்டேன்.

அத்தகைய காரியம் ஒன்று எங்கள் ஊரிலும் நடந்தது. நாகஸ்வரம் வாசிக்கும் இளைஞர் ஒருவர், என்னிடம் படித்தவர். அவருடைய தந்தையாரும் நாகஸ்வரக்காரர். 1980களில் ஒரு நண்பரின் வீட்டு ஸ்டூடியோவில், இப்பகுதியின் நடவுப் பாட்டுகளையும் தாலாட்டுகளையும் வயது முதிர்ந்த பெண்கள் சிலரைப் பாடவைத்து, தவிலும் உறுமியும் தனித்தனித் தடத்தில் சேர்த்துப் பதிந்து வைத்திருந்தார். ஐந்து ரீல்கள். தடங்களைக் கலந்து ஒன்றாக்குமுன் நண்பர் கருவியை விற்றுவிட்டார். சில ஆண்டுகளில் தந்தையாரும் காலமானார். பாடிய பெண்களுள் ஒருவர்கூட இன்று இல்லை. புரியாகவே கிடக்கும் கயிறு; முறுக்க ராட்டையில்லை. நாடாக்களை எடுத்துக்கொண்டு வந்து, “ஐயா, எட்டுத் தடக் கருவி ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. வாங்கி வீட்டிலேயே ஸ்டூடியோ வைத்துவிடலாமா?” என்று கேட்டார். சீட்டுப் பிடித்த பணம் கையில் இருந்தது.

புதிதாகப் பாட்டுப் பதிய வேண்டும் என்று மட்டும் அவர் கேட்டிருந்தால் என் விடை வேறு. விலையிலும், ஒலித் தூய்மையிலும், திருத்தும் வசதியிலும் இன்றைய கணிப்பொறிக்கு முன்னால் நாடா நிற்காது. நாடாவில்தான் உயிர் இருக்கிறது என்று சொல்வோரை நான் அறிவேன். தவில் போன்ற முழக்கம் எல்லை மீறும்போது நாடா அதனைச் சடாரென முறித்துவிடாமல் பக்குவமாக அமுக்கிக் கொடுக்கும் என்பது மெய். செவிக்கு அது இதமாயிருக்கும் என்பதும் மெய். அதற்காகக் கடன் வாங்கச் சொல்ல மாட்டேன். மேலும், நாகஸ்வரத்தையும் தவிலையும் வெவ்வேறு நாளில் வெவ்வேறு தடத்தில் பதிவது எனக்கு உவப்பான செயல் அன்று. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து வாசிக்கும் கலை அது. ஆனால் இவருடைய வழக்கு வேறு. அரையங்குல நாடாவில் எட்டுத் தடமாகப் பதிந்ததை அரையங்குல எட்டுத் தடக் கருவியே படிக்கும். கணிப்பொறிக்கு மாற்றுவதானாலும் முதலில் அந்தக் கருவி வேண்டும்.

இங்கே மாணவர்கள் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. நாடாவின் அகலம் ஒன்றாயிருந்தால் போதாது. அரையங்குலத்தில் டாஸ்காம், ஓட்டாரி நிறுவனத்தார் எட்டுத் தடம் வைத்தனர். ஒவ்வொரு தடமும் ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் அகலம். பாஸ்டெக்ஸ் நிறுவனத்தாரோ அதே அரையங்குலத்தில் பதினாறு தடம் வைத்தனர். கால் அங்குலத்தில் எட்டுத் தடமும் வைத்தனர். ஒன்றில் பதிந்ததை மற்றொன்றில் ஓட்டினால் ஹெட் பாத்தியை விட்டு வரப்பில் நடக்கும். தடம் குறுகக் குறுக இரைச்சல் மிகும் என்பதால், பதியும்போது ஒலியை ஒருவகையாக நெருக்கி, படிக்கும்போது விரித்துக்கொள்ளும் இரைச்சல் ஒடுக்கிகளையும் பலர் பயன்படுத்தினர். நெருக்கிப் பதிந்ததை விரிக்காமல் கேட்டால் ஒலி மூச்சுத் திணறும். ஆகையால் கருவியைப் பார்க்கச் செல்லுமுன் நாடாப் பெட்டியின் மேல் எழுதியிருப்பதைப் படிக்க வேண்டும். தந்தையார் ஒழுங்கானவர். அரை அங்குலம், எட்டுத் தடம், விநாடிக்கு 15 அங்குலம், ஒடுக்கி இல்லை என்று பெட்டிதோறும் எழுதி, எந்தத் தடத்தில் எது என்றும் அட்டவணை போட்டு வைத்திருந்தார். 15 அங்குலம் என்பது நான் மேலே சொன்ன 38 சென்டிமீட்டரே. 2,500 அடி நீளமுள்ள பெரிய ரீல் அந்த வேகத்தில் 33 நிமிடம் ஓடும்.

கருவி இருந்த இடம் தொலைவிலுள்ள ஒரு நகரம். மூடிப்போன ஸ்டூடியோவின் சாமான்களை வாங்கி விற்கிறவர் வைத்திருந்தார். இளைஞர் போன கையோடு தந்தையாரின் ரீல் ஒன்றை எடுத்து மாட்டப் போனார். நான் தடுத்தேன். சோதித்தறியாத கருவியில் மாற்றில்லாத நாடாவை ஒருபோதும் ஓட்டக்கூடாது. பிரேக் கெட்டிருந்தால் நாடா இழுபட்டு நீளும். ஹெட் காந்தமேறியிருந்தால் ஒவ்வொரு ஓட்டத்திலும் மேல்ஸ்தாயி ஒலிகளைச் சுரண்டி எடுக்கும். பதிவுச் சுவிட்சு பழுதாயிருந்தாலோ, கேட்கிறோம் என்று நினைத்துக்கொண்டே அழித்துவிடுவோம். வேறொரு வெற்று நாடாவும், சிறிய பூதக் கண்ணாடியும், சுருதிப் பெட்டியும் நான் கொண்டு போயிருந்தேன்.

முதலில் பூதக் கண்ணாடி. நாடா ஓடி ஓடி ஹெட்டின் முகத்தைத் தேய்க்கும். தேய்ந்த இடம் சிறு பள்ளமாகவோ அகன்ற தழும்பாகவோ தெரியும். தழும்பு ஒரு பக்கம் மட்டும் அகன்றிருந்தால் ஹெட் சாய்ந்து நின்றிருக்கிறது என்று பொருள். சிறிது தேய்ந்ததை வல்லவர்கள் இழைத்துச் சரிசெய்வர். பிளவு வரை தேய்ந்துவிட்டால் மாற்றுவதன்றி வழியில்லை. மாற்று ஹெட் கிடைப்பதோ அரிது. அடுத்து, நாடாவை அழுத்திப் பிடித்து இழுக்கும் ரப்பர் உருளை. இறுகிப் பளபளத்தாலும் பிசுபிசுத்தாலும் நாடா வழுக்கும். இதனைக் கண்டறியச் சுருதிப் பெட்டியைவிடச் சிறந்த கருவி எனக்குத் தெரியாது. அசையாத சுருதியை ஐந்து நிமிடம் பதிந்து திரும்பக் கேளுங்கள். வேகம் ஒரு சிறிது தள்ளாடினாலும் சுருதி அலைவது இசை தெரிந்த காதுக்கு உடனே புலப்பட்டுவிடும். எட்டுத் தடத்திலும் அதே சுருதியைப் பதிந்து ஒவ்வொன்றாகக் கேட்டோம். மூன்றாம் தடமும் ஏழாம் தடமும் சோகை பிடித்தவை போல ஒலித்தன. விற்பவர், “தூசிதான், துடைத்தால் சரியாகிவிடும்” என்றார். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சினால் துடைத்தோம். ஏழாம் தடம் தெளிந்தது. மூன்றாம் தடம் தெளியவில்லை.

தூசியின் பேச்சு வந்ததால் சொல்கிறேன். விநாடிக்கு 19 சென்டிமீட்டர் ஓடும் நாடாவில் 10,000 அதிர்வுள்ள ஒலி எவ்வளவு இடம் பிடிக்கும்? வகுத்துப் பாருங்கள், ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் 19 பங்கு. தலைமயிரின் தடிப்பே இதைப்போல மூன்று நான்கு மடங்கு. ஒரு தூசி நாடாவை ஹெட்டினின்றும் ஆயிரத்தில் 5 பங்கு மில்லிமீட்டர் தூக்கிவிட்டால் போதும், அந்த ஒலி ஐந்தில் ஒரு பங்காகக் குன்றிவிடும். வேகம் இரட்டித்தால் இழப்பு அவ்வளவு கடுமையாக இராது; ஸ்டூடியோக்கள் அதிவேகத்தை விரும்பியதற்கு இதுவும் காரணம். நார்த் தூள் பறக்கும் எங்கள் ஊரில் இந்தக் கணக்கு ஏட்டளவில் நிற்பதன்று. கருவி இருக்கும் அறையின் சன்னலைக் கயிற்றுக் களம் பார்க்கும் பக்கம் வைக்காதே என்று முதல் நாளே சொல்லிவிட்டேன். அதே நார் பாயாக நெய்து சுவரில் மாட்டினால் எதிரொலியை நன்றாக உறிஞ்சும் என்பதையும் சொல்ல வேண்டும். செட்டிநாட்டுப் பெரிய வீடுகளின் வழவழப்பான சுண்ணாம்புச் சுவர்கள் கண்ணுக்கு அழகு, மைக்குக்குப் பகை. கைதட்டினால் கூடமே திருப்பித் தட்டும்.

அடுத்தது மின்சாரம். அமெரிக்காவிலிருந்து வந்த பழைய கருவிகள் 117 வோல்ட்டுக்கும், விநாடிக்கு 60 சுழற்சிக்கும் அமைந்தவை. வோல்ட்டை மின்மாற்றி குறைத்துக் கொடுக்கும். சுழற்சியை அது மாற்றாது. சுழற்சியைப் பற்றிக்கொண்டு ஓடும் மோட்டாராக இருந்தால், நமது 50 சுழற்சி மின்சாரத்தில் ஆறில் ஐந்து பங்கு வேகத்திலேயே ஓடும். சரியான வேகத்தில் பதிந்த நாடாவை அதில் போட்டால் ஐந்து கட்டைச் சுருதி ஏறத்தாழ மூன்று கட்டைக்கு இறங்கிவிடும். தாலாட்டுப் பாடிய பாட்டி தாத்தா குரலில் பாடுவார். 1980களில் வந்த கருவிகள் பலவற்றில் தன் வேகத்தைத் தானே அளந்து திருத்திக்கொள்ளும் நேர்மின் மோட்டார் உண்டு. நாங்கள் பார்த்தது அத்தகையது. ஆயினும் மூடியைத் திறந்து உறுதி செய்துகொண்டோம். உள்ளே கண்டென்சர்கள் சில உப்பியிருந்தன. அவற்றை மாற்றுவது ரேடியோ பழுது பார்க்கத் தெரிந்தவருக்கு இரண்டு நாள் வேலை.

மூன்றாம் தடத்தைச் சுட்டிக்காட்டி விலையைக் குறைக்கப் பேசினோம். விற்பவர் முதலில் இசையவில்லை; பூதக் கண்ணாடியை அவர் கையில் கொடுத்த பிறகு இசைந்தார். தந்தையாரின் அட்டவணையைப் பிரித்துப் பார்த்தால், ஐந்து ரீல்களிலும் மூன்றாம் தடத்தில் உறுமி; பெண்களின் குரல் ஐந்திலும் ஆறிலும் இருந்தது. உறுமி சற்று மங்கினாலும் பொறுக்கலாம். இவ்வளவும் எண்ணித்தான் பணத்தைக் கொடுத்தார். கருவியின் எடையைப் பற்றி எவரும் முன்னதாக எச்சரிப்பதில்லை. இருவர் சேர்ந்து தூக்கி வைக்க வேண்டியதாயிற்று.

கண்டென்சர்களை மாற்றி, ஹெட்டுகளின் காந்தத்தை நீக்கி, ஹெட்டின் சாய்வைச் சோதனை நாடா கொண்டு நிறுத்திய பிறகே தந்தையாரின் ரீல்களைக் கையில் எடுத்தோம். மூன்று ரீல்கள் நன்றாக ஓடின. மற்ற இரண்டும் சுற்றை விட்டுப் பிரியும்போதே கிரீச்சிட்டன; உடனே நிறுத்திவிட்டோம். 1970களின் நடுவிலிருந்து பல ஆண்டுகள் செய்யப்பட்ட நாடாக்கள் பலவற்றில் துருப்பொடியைப் பிடித்திருக்கும் பசை, காற்றின் ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுத்துப் போகும் இயல்புடையது. அதனை அப்படியே ஓட்டினால் பொடி உரிந்து ஹெட்டில் அப்பிக்கொள்ளும். பாட்டு பழுப்புநிறச் சேறாக நம் கண்முன்னேயே வழிந்து போகும். ஏறத்தாழ 54 டிகிரி சென்டிகிரேடு வெப்பத்தில் மணிக்கணக்காக நாடாவைப் பதமாகச் சூடாக்கினால் பசை சில வாரங்களுக்கு இறுகி நிற்கும். அதற்குள் நகலெடுத்துவிட வேண்டும். இது வெப்பத்தை அளந்து நிறுத்தும் கருவியில் பழகியவர் செய்ய வேண்டிய வேலை. வீட்டு அடுப்பில் முயல்வது நாடாவைச் சிதையில் வைப்பதற்கு ஒப்பாகும். இரண்டு ரீல்களையும் அத்தொழில் தெரிந்தவரிடம் அனுப்பிவைத்தோம். ஒன்று முழுமையாகத் திரும்பி வந்தது. மற்றொன்றில் முதல் எட்டு நிமிடம் போயிற்று.

புது நாடா இன்றும் கிடைக்கிறது. பிரான்சில் ஒரு நிறுவனமும் அமெரிக்காவில் ஒரு நிறுவனமும் செய்துவருகின்றன. கடல் கடந்து வருவதால் விலை கடுமை. பதிந்த ரீலை எவ்வாறு வைப்பது என்பதிலும் ஒரு முறையுண்டு. சுற்றின்மேல் சுற்றாக இருக்கையில் ஒரு சுற்றின் காந்தம் அடுத்த சுற்றில் மெல்லப் படிந்து, நிழல் ஒலி உண்டாக்கும். பாட்டின் தொடக்கம் வெளியே இருக்கும்படி சுற்றி வைத்தால் அந்த நிழல் பாட்டுக்கு முன்னதாக, அமைதியில், கேட்கும். முடிவு வெளியே இருக்கும்படி வைத்தால் பாட்டுக்குப் பின்னால் எதிரொலி போல வந்து அதிலேயே மறைந்துவிடும். ஆகையால் கேட்டு முடித்ததும் திருப்பிச் சுற்றாமல் அப்படியே பெட்டியில் வைப்பது வழக்கம். அடுத்த முறை எடுக்கும்போது சுற்றிக்கொள்ளலாம். பெட்டி நின்ற நிலையில், ஒலிபெருக்கிக்கு அருகே இல்லாமல், ஈரம் குறைந்த இடத்தில் இருக்க வேண்டும்.

குரல் தடத்தை மட்டும் திறந்து கேட்ட அன்று, நடவுப் பாட்டின் இரண்டு அடிகளுக்கு இடையே அந்த அம்மையார் வளையல் குலுங்க வெற்றிலைப் பையைத் தேடுவதும், யாரோ, “அப்புறம் போட்டுக்கலாம் ஆத்தா, பாடுங்க” என்பதும் கேட்டன. அது தந்தையின் குரல் என்று இளைஞர் சொன்னார். தவிலோடு கலந்திருந்தால் அது செவிக்கு எட்டியிராது.

ஐந்து ரீல்களிலிருந்தும் மீண்டவை எல்லாம் இப்போது எட்டு எட்டுத் தடங்களாகவே கணிப்பொறியில் இருக்கின்றன. இரண்டு பிரதிகள் வேறு வேறு வீடுகளில் இருக்கின்றன. பெட்டி அட்டவணைகளில் எட்டாம் தடத்துக்கு நேரே, ‘நாகஸ்வரம் — பிறகு’ என்று தந்தையார் எழுதியிருந்தார். ஐந்திலும் அந்தத் தடம் காலி. மூலநாடாவில் பதிவுப் பொத்தானை அழுத்த இளைஞருக்கு மனம் வரவில்லை. நகலோடு சேர்த்து, கயிற்று மில் ஓய்ந்த இரவு நேரங்களில், வாசித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.